நீர்ப்பூவின் மூன்று பெயர்கள்

மட்டக்களப்பு வாவிக்கரையிலுள்ள தன்னாமுனையைச் சேர்ந்த இளம் பெற்றோர், தம் பெண் குழந்தைக்கு 'நிக்தே ஹா' என்னும் பெயரைச் சூட்ட விரும்பி, அதன் பொருளை எம்மிடம் வினவினர். அது மாயா மொழிப் பெயர் என்பதை மட்டுமே அவர்கள் அறிந்திருந்தனர். மாயா என்றதும், பொய்த்தோற்றத்தைக் குறிக்கும் வடமொழிச் சொல்லாயிற்றே என உறவினர் தயங்கினராம்.

அத்தயக்கம் தேவையற்றது. மாயா மக்கள் மெக்சிகோவின் தென்பகுதி, குவாத்தமாலா, பெலீஸ் முதலிய நிலங்களில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வாழ்ந்துவரும் தொல்குடியினர். புத்தபிரானின் தாயார் மாயாதேவியின் பெயருக்கும் இவர்களது பெயருக்கும் ஒலியொற்றுமையன்றி உறவேதுமில்லை.

யுகாத்தான் தீபகற்பத்து மாயா மொழியில் 'நிக்தே' என்பது தமிழில் ஈழத்தலரி எனப்படும் பூவைக் குறிக்கும்; பொதுவாக மலரையும் சுட்டும். 'ஹா' என்றால் நீர். இரண்டும் இணைந்தால் நீர்ப்பூ; அதாவது அல்லி. ஈழத்தலரியின் தாயகமும் அமெரிக்க மண்ணேயாம். கடல் கடந்து வந்த செடி, எமது மொழியில் ஈழத்தின் பெயரையே பெற்றுவிட்டது.

அல்லி, தமிழ்ப் பெண்களுக்கு நெடுங்காலமாக வழங்கிவரும் பெயர். முஸ்லிம் இல்லங்களில் சூட்டப்படும் நிலூஃபர் என்னும் பெயரும் அதே மலரைக் குறிப்பதே. பாரசீகச் சொல்லாகிய அது, 'நீலோற்பலம்' என்னும் வடமொழிச் சொல்லின் திரிபாகும். நீலோற்பலமோ இலங்கையின் தேசிய மலர்.

பெயரின் பொருளை ஆராய்வது நல்ல மரபாகும். கீழ்ப்படியாதவள் எனப் பொருள்படும் பெயரைக் கொண்டிருந்த பெண்ணுக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஜமீலா எனப் பெயர் மாற்றியதை ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. ஜமீலா என்றால் அழகானவள்.

பெயரைக் கேட்டு இனத்தை அறிந்து, அதன்வழி மனிதரை எடைபோட்ட காலத்தை எமது மக்கள் கடந்து வந்துள்ளனர். குவாத்தமாலாவிலும் 1960 முதல் 1996 வரை உள்நாட்டுப் போர் நீடித்தது. அதில் 2 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர் அல்லது காணாமற்போயினர் என மதிப்பிடப்பட்டுள்ளது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் மாயா மக்களே. அம்மொழிப் பெயரைச் சூட்டுவோர் அவர்தம் துயரையும் அறிந்திருத்தல் நன்று.

பிறப்பைப் பதிவு செய்யுமுன் பெயரின் பொருளையும், தமிழிலும் ஆங்கிலத்திலும் அதனை எழுதும் முறையையும் பெற்றோர் உறுதிசெய்துகொள்ள வேண்டும். மற்றபடி, நிக்தே ஹாவும் அல்லியும் நிலூஃபரும் ஒரே வகுப்பில் அமர்ந்து கற்கும் நாள் வருமாயின், அதனை நாம் மகிழ்ச்சியுடன் வரவேற்போம்.