பாடாத பாட்டுத்தட்டும் விமர்சகர்களின் சண்டையும்

இந்த ஆண்டு மலருக்கு "இசையைப் பற்றி ஏதாவது எழுதுங்களேன்" என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, திருவையாற்றைப் பற்றியோ தமிழிசையைப் பற்றியோ எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அதற்கெல்லாம் என்னைவிடத் தகுதி உடைய அன்பர்கள் நம் சங்கத்திலேயே இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது 1977-இல் வெளிவந்த ஓர் ஆங்கில இசைத்தட்டைப் பற்றி. அதைவிட, அதை வைத்து விமர்சகர்கள் போட்ட சண்டையைப் பற்றி.

1981-இல் வேலை கிடைத்துக் கல்கத்தா வந்த புதிது. ஃப்ரீ ஸ்கூல் தெருவில் பழைய தட்டுக் கடை ஒன்றில், ஆரஞ்சு நிற அட்டையில் பக்கவாட்டு முகத்தோடு ஒரு தட்டு கிடைத்தது. டேவிட் போவியின் 'லோ'. அறைக்கு வந்து போட்டால், முதல் பாட்டில் குரலே இல்லை. அடுத்தது என்னவென்று புரிவதற்குள் முடிந்துவிட்டது. இரண்டாம் பக்கத்தைத் திருப்பினால் ஏதோ கோயில் மண்டபத்தில் காற்று சுழல்வது போல முனகல். மறுவாரமே கடைக்குப் போய், "தாதா, பாடறவர் பாடவே மாட்டேங்கறாரே" என்று அரைகுறை வங்காளத்தில் சொல்லி, அதைக் கொடுத்துவிட்டுக் கிஷோர் குமார் வாங்கி வந்தேன்.

நான் சொன்னதைத்தான் லண்டனில் பெரிய விமர்சகர்களும் சொல்லியிருக்கிறார்கள், என்னைவிட நல்ல ஆங்கிலத்தில், என்பது வெகு நாள் கழித்துத் தெரிந்தது.

இந்த இசை எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். மேற்கு ஜெர்மனியில் போருக்குப் பின் வளர்ந்த இளைஞர்கள் 1960-களின் கடைசியில் ஒரு சிக்கலில் இருந்தார்கள். அப்பா தலைமுறையின் இசையைத் தொட மனமில்லை. அமெரிக்க ப்ளூஸைக் காப்பியடிப்பதும் பிடிக்கவில்லை. ஆகவே மின்கருவிகளை வைத்துக்கொண்டு புதிதாகத் தொடங்கினார்கள். பிரிட்டிஷ் பத்திரிகைகள் இதற்கு 'க்ரௌட்ராக்' என்று பெயர் வைத்தன. 'க்ரௌட்' என்றால் முட்டைக்கோஸ். போர்க்காலத்தில் ஜெர்மானியரைக் கேலி செய்யும் சொல். நம்மை வடக்கே 'மதராஸி' என்பார்களே, அந்த மாதிரி. கேலிப் பெயரே நிலைத்துவிட்டது.

டுஸ்ஸல்டார்ஃபில் கிராஃப்ட்வெர்க் குழுவிலிருந்து பிரிந்த கிளாவ்ஸ் டிங்கரும் மைக்கேல் ரோதரும் 1971-இல் 'நொய்' என்ற குழுவைத் தொடங்கினார்கள். டிங்கரின் தாளம் ஏற்ற இறக்கம் இல்லாமல், தீர்மானம் வைக்காமல், நெடுஞ்சாலையில் கார் போவது போலப் போய்க்கொண்டே இருக்கும். இதைத்தான் 'மோட்டோரிக்' என்றார்கள். கிராஃப்ட்வெர்க் 1974-இல் நெடுஞ்சாலைப் பயணத்தையே 'ஆட்டோபான்' என்று இருபத்திரண்டு நிமிடத்துக்கும் மேலான இசையாக்கியது.

போவி அப்போது லாஸ் ஏஞ்சல்ஸில் கொக்கெய்ன் பழக்கத்தில் உருக்குலைந்திருந்தார். அதிலிருந்து தப்பி ஐரோப்பா வந்தவர், இந்த ஜெர்மன் தட்டுகளில் தனக்கொரு வழி கண்டார். 1976-இல் பிரான்சில் ஒரு பழைய மாளிகை ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு. மேற்கு பெர்லினில் மதிலுக்கு அருகே ஹன்ஸா ஸ்டுடியோவில் நிறைவு. உடன் உழைத்தவர் பிரையன் ஈனோ. (அவர்தான் தயாரிப்பாளர் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். தயாரித்தவர்கள் போவியும் டோனி விஸ்கான்டியும்.) முதல் பக்கத்தில் ஏழு சிறு உருப்படிகள், அதில் இரண்டில் குரல் கிடையாது. இரண்டாம் பக்கத்தில் நான்கு நீண்ட, இருண்ட உருப்படிகள். விஸ்கான்டியின் நான்கு வயது மகன் பியானோவில் மூன்று ஸ்வரங்களைத் திரும்பத் திரும்பத் தட்டியதைக் கேட்டு, ஈனோ அதிலிருந்து வளர்த்ததுதான் 'வார்ஸாவா'. அதில் போவி எந்த மொழியிலும் இல்லாத சொற்களைப் பாடுகிறார்.

ஆர்.சி.ஏ. நிறுவனத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கிறிஸ்துமஸ் விற்பனையைக் கைவிட்டு 1977 ஜனவரியில்தான் வெளியிட்டார்கள். போவி விளம்பரத்துக்கு வராமல், நண்பர் இகி பாப்பின் சுற்றுப்பயணத்தில் கீபோர்டு வாசிக்கப் போய்விட்டார்!

இனி சண்டைக்கு வருவோம். 'நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்' ஒரே தட்டுக்கு இரண்டு விமர்சனங்கள் போட்டது. சார்லஸ் ஷார் முரே கிழித்துத் தோரணம் கட்டினார். சோர்ந்து கிடப்பவனைக் கைதூக்கி விடாமல், அங்கேயே கிட என்று சொல்லும் தட்டு இது என்பது அவர் குற்றச்சாட்டு. இயன் மெக்டொனால்டோ, காலத்துக்கேற்ற ராக் இசை இதுதான் என்னும் அளவுக்குப் பாராட்டினார். அமெரிக்காவில் 'நியூயார்க் டைம்ஸ்' விமர்சகர் ஜான் ராக்வெல் மெச்சினார். ராபர்ட் கிறிஸ்ட்கவ் முதல் பக்கத்தை ஒப்புக்கொண்டு, இரண்டாம் பக்கத்தைச் சினிமாப் பின்னணி என்று ஒதுக்கினார். அதே ஆண்டு போவியின் அடுத்த தட்டு வந்ததும் அந்தக் கருத்தை மாற்றிக்கொண்டார்.

முரேயை இன்று எல்லோரும் தவறிழைத்தவர் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முரே, மெக்டொனால்டு இருவர் காதிலும் விழுந்தது ஒரே வெறுமைதான். ஒருவர் அதை நோய் என்றார், மற்றவர் உண்மை என்றார். பாட்டு கேட்பவனுக்கு ஆறுதல் தரக் கடமைப்பட்டதா இல்லையா என்பதுதான் வழக்கு. முகாரி கேட்டு அழுதுவிட்டு மனம் லேசானது என்பவர்கள் நாம். ஆனால் அந்த முகாரியில் சாகித்யம் இருக்கிறது, அழுவதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. இங்கே காரணமே சொல்லாமல் துக்கம் மட்டும் நிற்கிறது. முரே கோபித்தது அதற்குத்தான். காது கொடுத்துக் கேட்காதவருக்கு அந்தக் கோபம் வந்திருக்காது. பின்னணி இசை என்று ஒதுக்கியவர்களைவிட அவர் தட்டுக்கு அதிக மரியாதை செய்தார் என்பேன்.

மக்கள் காத்திருக்கவில்லை. பிரிட்டனில் தட்டு 2-ஆம் இடம், அமெரிக்காவில் 11-ஆம் இடம். 'சவுண்ட் அண்ட் விஷன்' பாட்டில் பாதி கழிந்த பிறகே போவியின் குரல் வருகிறது. அது பிரிட்டனில் 3-ஆம் இடம் வரை போனது. மான்செஸ்டர் பையன்கள் நால்வர் 'வார்ஸாவா'வைக் கேட்டுத் தங்கள் குழுவுக்கு 'வார்ஸா' என்று பெயர் வைத்தார்கள். பிறகு அவர்களே 'ஜாய் டிவிஷன்' ஆனார்கள். 1990-இல் நம் பண்டிட் ரவிசங்கருடன் 'பேஸேஜஸ்' தந்த ஃபிலிப் கிளாஸ், 1992-இல் இந்தத் தட்டை வைத்தே ஒரு சிம்பொனி எழுதினார். 'பிட்ச்ஃபோர்க்' 2004-இல் எழுபதுகளின் தலைசிறந்த தட்டாக இதைத்தான் வைத்தது. 2002-இல் போவியே லண்டன் மேடையில் முழுத் தட்டையும் வாசித்துக் காட்டினார். 2016-இல் அவர் காலமானார்.

நான் அதை மறுபடி கேட்டது தொண்ணூறுகளில், அக்கா மகன் பெங்களூரிலிருந்து குறுந்தகடாகக் கொண்டு வந்தபோது. வெளியே நல்ல மழை, மின்விசிறி நின்றிருந்தது. அவன் பேட்டரியில் ஓடும் கருவியில் போட்டான். 'வார்ஸாவா' முடியும்வரை இருவரும் பேசவில்லை. "மாமா, இதைப் போய்த் திருப்பிக் குடுத்தீங்களா?" என்றான்.

முதல் பக்கத்துப் பாட்டுகள் ஏன் அப்படிப் பாதியில் மறைந்து போகின்றன என்பது மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.