பிள்ளையின் பெறுபேறு யாருடையது?

"சேர், செலவழிப்பது நாங்கள். பிள்ளையின் பெறுபேற்றைக் கேட்டால் கெம்பஸில் ஏன் தர மாட்டார்களாம்?" பட்டிப்பொலவில் ஆசிரியரான என்னிடம் பெற்றோர் அடிக்கடி கேட்பது இது.

பாடசாலைத் தேர்ச்சி அறிக்கையில் ஒப்பமிட்டுப் பழகியவர்களுக்கு இது அநியாயமாகத் தெரியலாம். ஆனால், இலங்கையில் 1989ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயதானவர் பராயமடைந்தவர். அவரது புள்ளிகள் அவரது தனிப்பட்ட தகவல். பொதுநலன் சாராத தனிப்பட்ட தகவலை, உரியவரின் எழுத்துமூலச் சம்மதமின்றிக் கேட்டால் மறுக்கலாம் என்கிறது 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். அமெரிக்காவிலும், பிள்ளை கல்லூரியில் சேர்ந்ததும் இவ்வுரிமையைப் பெற்றோரிடமிருந்து மாணவருக்கு மாற்றும் சட்டம் 1974 முதல் இருக்கிறது.

இது பாதுகாப்பும்தான். "வாப்பா பேசுகிறேன்" என்று தொலைபேசியில் சொல்பவர் உண்மையில் வாப்பாவா, கல்யாணம் பேசும் வீட்டாரா என்பது அலுவலகத்துக்கு எப்படித் தெரியும்?

உயர்தரப் பெறுபேறு அப்படியல்ல. சுட்டெண் தெரிந்த எவரும் பரீட்சைத் திணைக்கள இணையத்தளத்தில் பார்த்துவிடலாம். எனவே, பிள்ளையின் சுட்டெண்ணை வட்ஸ்அப் குழுக்களில் போடாதீர்கள்.

கெம்பஸ் பெறுபேறு தெரிய வேண்டுமா? பிள்ளையிடமே கேளுங்கள். ஏசாமல் கேளுங்கள். சித்தியடையாத பாடத்தை மீண்டும் எழுதலாம். பயத்தில் மறைக்கும் பிள்ளைக்கு உதவுவதுதான் கடினம்.