மாட்டுக்குப் பல்... லைட் ஸ்டாண்டுக்குக் கால்!

கல்யாண மண்டபத்தில் எல்லோர் கண்ணும் மணப்பெண் மேலே. மாமியார் கண் சீர்வரிசை மேலே. போட்டோகிராபர் கண் கேமரா மேலே. பசித்தவர் கண் பந்தி மேலே. யார் கண்ணிலும் படாமல், மேடை ஓரத்தில் மூன்று காலில் தேமேயென்று நிற்கிற ஒரே ஆசாமி... லைட் ஸ்டாண்ட்!

அந்த மரியாதையெல்லாம் விழுகிற வரைக்கும்தான். விழுந்துவிட்டால், தாலி கட்டுகிற நேரமாக இருந்தாலும் மொத்த மண்டபமும் அதைத்தான் பார்க்கும்.

திருவள்ளூர் மாவட்டத்தில் இந்த ஆசாமிக்கு இப்போது நல்ல கிராக்கி. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட், காக்களூர் தொழிற்பேட்டையில் ஆபீஸ் உத்தியோகம், முகூர்த்த நாள் வந்தால் தோளில் கேமரா! இப்படி இரண்டு குதிரையில் சவாரி செய்கிற இளைஞர்கள் உண்டு. கேமரா வாங்க ஆறு மாதம் யோசிக்கிறார்கள். லெட் லைட் வாங்க நாலு பேரை விசாரிக்கிறார்கள். ஸ்டாண்ட்? ‘‘அண்ணே, அப்படியே ஒரு ஸ்டாண்டும் போட்டுடுங்க!’’ முடிந்தது வியாபாரம். கறிவேப்பிலை கொசுறு கேட்கிற மாதிரி!

அந்தக் கொசுறுதான் நாளைக்கு இரண்டு கிலோ இரும்பையும் கண்ணாடியையும் எட்டடி உயரத்தில், ஒரு குழந்தையின் தலைக்கு மேலே, பிடித்துக்கொண்டு நிற்கப்போகிறது.

லைட் பாய் போனார்... ஸ்டாண்ட் வந்தது!

பழைய கல்யாண வீடியோக்களை நினைத்துப் பாருங்கள். ஆயிரம் வாட்ஸ் ஹாலஜன் விளக்கைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு பையன் வீடியோகாரர் பின்னாலேயே நடப்பான். மணமக்கள் வியர்த்துக் கொட்டுவார்கள். அந்தப் பையன்தான் அன்றைய லைட் ஸ்டாண்ட். கை வலித்தால் முனகுவான், பாயசம் வந்தால் காணாமல் போவான். ஆனால் ஒன்று... குழந்தை குறுக்கே ஓடினால் ஒதுங்கிக்கொள்வான். யாராவது இடித்தால் சமாளித்து நிற்பான்.

லெட் வந்ததும் சூடு போயிற்று, கரன்ட் செலவு குறைந்தது, பையனும் போய்விட்டான். அவன் இடத்தில் நிற்கிற அலுமினியக் குழாய்க்கு முனகவும் தெரியாது, ஒதுங்கவும் தெரியாது. அவனுக்கு இருந்த புத்தியை இப்போது நாம்தான் வாங்கும்போதும் நிறுத்தும்போதும் செலவழிக்க வேண்டும்.

இது சின்ன விஷயமில்லை. 2020 பிப்ரவரி 19-ம் தேதி இரவு, பூந்தமல்லி அருகே ‘இந்தியன் 2’ படப்பிடிப்புத் தளத்தில் ராட்சத விளக்குகளுக்கான கிரேன் சரிந்து விழுந்தது. மூன்று பேர் இறந்துபோனார்கள். அது கிரேன், நம்முடையது ஒல்லிக்குச்சி ஸ்டாண்ட் என்று சொல்லலாம். அளவுதான் வேறு. உயரத்தில் கனம், கீழே மனிதர்கள் என்கிற கணக்கு இரண்டுக்கும் ஒன்றுதான்.

இருபத்தைந்து சென்டிமீட்டர் ரகசியம்!

ஸ்டாண்டை விரித்து நிறுத்துகிறீர்கள். நடுத் தண்டிலிருந்து ஒவ்வொரு கால் நுனியும் 50 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. ‘நல்ல அகலம்தானே’ என்று தோன்றும். ஆனால், ஸ்டாண்ட் காலின் மேல் சாய்ந்து விழுவதில்லை. இரண்டு கால்களுக்கு நடுவே உள்ள வெற்றிடம் வழியாகத்தான் விழும். இரண்டு கால் நுனிகளைச் சேர்த்து ஒரு கோடு போட்டால், அந்தக் கோடு நடுத் தண்டிலிருந்து எவ்வளவு தூரம் தெரியுமா? சரியாகப் பாதி... 25 சென்டிமீட்டர்!

இப்போது ஒரு சின்னக் கணக்கு. பயப்படாதீர்கள், பெருக்கல்தான்.

ஸ்டாண்ட், லைட், குடை மூன்றும் சேர்ந்து 3 கிலோ என்று வைத்துக்கொள்வோம். விழாமல் நிற்க அதற்குள்ள பலம் 3 × 25 = 75.

குடையின் குறுக்களவு 1 மீட்டர். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடிக்கிறது. சைக்கிளில் சாவகாசமாகப் போகும்போது முகத்தில் படுமே, அந்தக் காற்றுதான். அது குடையைச் சுமார் 450 கிராம் கனத்துடன் தள்ளும். குடை இருப்பது 240 சென்டிமீட்டர் உயரத்தில். விழவைக்கிற பலம் 0.45 × 240 = 108.

எழுபத்தைந்துக்கும் நூற்றியெட்டுக்கும் சண்டை. யார் ஜெயிப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை! மண்டபத்து ராட்சத ஃபேனை யாரோ ஒரு புண்ணியவான் உங்கள் குடைப் பக்கம் திருப்பினால் போதும், கதை முடிந்தது.

அதே ஸ்டாண்டின் அடியில் 5 கிலோ மூட்டை ஒன்றை நடுத் தண்டை ஒட்டி வையுங்கள். மொத்தம் 8 கிலோ. 8 × 25 = 200. இப்போது ஸ்டாண்ட் ஜெயிக்கிறது.

காற்று 20 கிலோமீட்டர் வேகமானால்? வேகம் இரண்டு மடங்கானால் தள்ளுகிற பலம் நாலு மடங்கு. 432! அதைத் தாங்க எல்லாம் சேர்ந்து 17 கிலோவுக்கு மேல் வேண்டும். பழவேற்காடு கடற்கரையிலோ, பூண்டி ஏரிக்கரையிலோ மணமக்களை நிறுத்தி மாலை வெயிலில் படம் எடுக்கிறவர்கள் இந்த எண்ணை மறக்கக் கூடாது. காற்று வந்தால் குடையை மடக்க வேண்டும், அல்லது ஓர் ஆள் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பழைய லைட் பாயின் அருமை அப்போது தெரியும்!

எவ்வளவு உயரம் வேண்டும்?

‘‘எவ்வளவு உயரம் போகும்?’’ என்பதுதான் கடையில் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி. முதல் கேள்வி, ‘‘கால் எவ்வளவு விரியும்?’’ என்று இருக்க வேண்டும். உயரம் அப்புறம்.

வீட்டு அறையில் உட்கார்ந்து பேசி வீடியோ எடுக்கிறவருக்கு 2 மீட்டர் தாராளம். மேடையில் நின்றுகொண்டிருக்கிற மணமக்களையும் சொந்தபந்தங்களையும் எடுக்க, முகத்துக்குச் சற்று மேலிருந்து வெளிச்சம் விழ வேண்டும். அதற்கு 2.8 மீட்டர் வரை போகிற ஸ்டாண்ட் நல்லது. 2.8 வரை போகும் என்பதற்காக 2.8-க்கு ஏற்ற வேண்டும் என்று சட்டம் இல்லை. கடைசியில் வருகிற மெலிந்த குழாயை முழுசாக இழுத்தால் தலை கல்யாண வீட்டுத் தாத்தா மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும். பெரிய ஸ்டாண்டைக் குறைவான உயரத்தில் நிறுத்துவதுதான் கெட்டிக்காரத்தனம்.

இன்னொரு விஷயம், மடக்கினால் எவ்வளவு நீளம்? திருவள்ளூரும் கும்மிடிப்பூண்டியும் ஒரே மாவட்டம்தான். ஆனால் ரயிலில் போவதென்றால் பேசின் பிரிட்ஜ் வரை போய் வேறு லைன் வண்டி மாற வேண்டும். காலை நேர எலெக்ட்ரிக் டிரெயினில் ஒரு மீட்டர் நீளக் குழாயோடு ஏறிப் பாருங்கள்... நாலு பேர் விலாவில் குத்தாமல் இறங்கினால் உங்களுக்குப் பதக்கமே தரலாம்!

‘எட்டு கிலோ தாங்கும்ணே!’

பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் நேர்செங்குத்தாக, நடுத் தண்டின் உச்சியில், காற்றே இல்லாத அறையில், யாரும் இடிக்காமல் வைத்தால் குழாய் தாங்கும் கனம் அது. விழுமா விழாதா என்பதைப் பற்றி அந்த எண் வாயே திறக்காது.

குறுக்குக் கம்பி போட்டு லைட்டை மேஜைக்கு நேர் மேலே தொங்கவிடுகிறவர்கள் இரட்டிப்பு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஒன்றரை கிலோ லைட் 120 சென்டிமீட்டர் நீண்டால் 1.5 × 120 = 180. மறுமுனை 40 சென்டிமீட்டர்தான் என்றால், அங்கே நாலரை கிலோ தொங்கவிட்டால்தான் தராசு சமமாகும். அதற்கு ஒல்லி ஸ்டாண்ட் லாயக்கில்லை. சினிமாக்காரர்கள் வைத்திருக்கும் கனமான ‘சி ஸ்டாண்ட்’தான் சரி. விலையும் கூட, கனமும் கூட. ஆனால் ஒருமுறை வாங்கினால் உங்கள் பையனும் உபயோகிப்பான்.

உச்சியில் ஒரு ‘குழந்தை!’

ஸ்டாண்டின் தலையில் ஒரு சின்ன உலோக முனை இருக்கும். அதன் குறுக்களவு ஒரு அங்குலத்தில் எட்டில் ஐந்து பங்கு, சுமார் 16 மில்லிமீட்டர். இதற்கு ‘பேபி பின்’ என்று செல்லப் பெயர். ஹாலிவுட்டில் ஆயிரம் வாட்ஸ் விளக்கை ‘பேபி’ என்றும், இரண்டாயிரம் வாட்ஸ் விளக்கை ‘ஜூனியர்’ என்றும் கூப்பிட்ட காலத்துப் பெயர் அது. ஜூனியர் பின் தடி ஜாஸ்தி, சுமார் 28 மில்லிமீட்டர். நமக்கு வேண்டியது பேபிதான். மிக மலிவான ஸ்டாண்டுகளில் இந்த முனை இல்லாமல் வெறும் கால் அங்குல மரை மட்டும் இருக்கும். போன் மாட்ட அது சரி. லைட் மாட்டினால் திருகித் திருகி ஒருநாள் கையோடு வந்துவிடும்.

பட்டறை பக்கத்திலேயே இருக்க...

கும்மிடிப்பூண்டிக்காரர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. இரும்பை உருக்கிக் கம்பியாக இழுக்கிற ஆலைகள் இருக்கிற ஊர். லேத்துக்கும் வெல்டிங் பட்டறைக்கும் பஞ்சமில்லை. சொந்த ஸ்டூடியோவில் ஒரே இடத்தில் நிற்க ஸ்டாண்ட் வேண்டுமென்றால் பட்டறையிலேயே செய்துகொள்ளலாம். ஒன்றேகால் அங்குல ஜி.ஐ. பைப்புக்குள் ஒரு அங்குல ஜி.ஐ. பைப் வழுக்கிக்கொண்டு போகும். தலைக்கு 16 மில்லிமீட்டர் கம்பியை லேத்தில் கடைந்து, லைட்டின் திருகு பிடித்துக்கொள்ள ஒரு பள்ளம் வெட்டச் சொல்லுங்கள். கிட்டத்தட்ட பத்து கிலோ வரும். பைக்கில் கட்ட முடியாது. ஆனால் யானை மாதிரி நிற்கும்!

மூட்டைக்கும் அங்கேயே வழி. பிரஸ் ஷாப்பில் தகட்டில் ஓட்டை போட்டதும் விழும் இரும்பு வில்லைகளை இரட்டைத் துணிப் பையில் போட்டுத் தைத்துக்கொண்டால், அதே கனத்துக்கு மணல் மூட்டையில் பாதி இடம்கூட அடைக்காது. கேட்டு வாங்குங்கள் ஸார்! சொல்லாமல் பையில் போட்டுக்கொண்டு வந்தால் கேட்டில் செக்யூரிட்டி வேறு விதமாக விசாரிப்பார்.

ரயிலில் போகிறவர்களுக்கு அதையும்விட சுலபம். 5 லிட்டர் தண்ணீர் கேனைக் காலியாக எடுத்துப் போய் மண்டபத்துக் குழாயில் நிரப்பி, மூடியை இறுக்கி, துணிப் பையில் போட்டு ஸ்டாண்டின் அடியில் மாட்டுங்கள். 5 லிட்டர், 5 கிலோ. திரும்பும்போது கொட்டிவிட்டு வரலாம்!

கடையில் பத்து நிமிஷம்

* கால்களை முழுசாக விரியுங்கள். மையத்திலிருந்து நுனி வரை டேப் வைத்து அளங்கள். 50 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் கல்யாண வேலைக்கு வேண்டாம்.

* முழு உயரத்துக்கு இழுத்து, உச்சியைப் பிடித்து லேசாக ஆட்டுங்கள். கையை எடுத்தபிறகும் ஆடிக்கொண்டே இருந்தால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த ஸ்டாண்டைப் பாருங்கள்.

* திருகைக் கழற்றிப் பாருங்கள். பிளாஸ்டிக்குக்குள் உலோக மரை இருக்க வேண்டும்.

* திருகைத் தளர்த்தினால் குழாய் ‘தடால்’ என்று இறங்குகிறதா, ‘உஸ்’ என்று மெதுவாக இறங்குகிறதா? ‘உஸ்’தான் நல்லது. உள்ளே காற்றோ ஸ்பிரிங்கோ மெத்தை மாதிரி தாங்குகிறது. லைட்டும் பிழைக்கும், உங்கள் விரலும் பிழைக்கும்.

* கால் நுனியில் ரப்பர் இருக்கிறதா? மண்டபத்துக் கிரானைட் தரை வழுக்கும். சக்கரம் வைத்த ஸ்டாண்ட் மேடைக்கு ஆகாது.

மண்டபத்தில் ஐந்து நிமிஷம்

காலின் குறுக்குப் பட்டைகள் தரைக்கு இணையாக வருகிற வரை விரியுங்கள். லைட் எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறதோ, அந்தப் பக்கம் ஒரு கால் இருக்கட்டும். வயரை ஸ்டாண்டின் அடியிலேயே ஒரு சுற்றுச் சுற்றிவிடுங்கள். யாராவது தடுக்கினால் கால்தான் நகரும், தலை சாயாது. மீதி வயரை டேப் போட்டுத் தரையோடு ஒட்டுங்கள். பிளக்கில் எர்த் பின்னை உடைத்துவிட்டுச் சொருகுகிற வீரதீரம் வேண்டவே வேண்டாம். கரன்ட் கசிந்தால் ஸ்டாண்ட் முழுக்க உலோகம்!

கடைசியாக, எடுக்கிறவருக்கு அல்ல, எடுக்கச் சொல்கிறவருக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வீடியோ பேசும்போது ‘டிரோன் உண்டா, ஆல்பம் எத்தனை பக்கம்’ என்று கேட்பீர்கள். கூடவே ‘‘தம்பி, ஸ்டாண்டுக்கு மூட்டை கொண்டு வர்றீங்களா?’’ என்றும் கேட்டுவையுங்கள். அந்தத் தம்பி ஒரு நிமிஷம் முழிப்பார்.

அடுத்த முகூர்த்தத்துக்குக் கொண்டுவந்துவிடுவார்!