முதலில் காற்று, பிறகு வண்ணம்

ஏர்பிரஷ்ஷால் வரைந்த ஒரு முகத்தைப் பார்க்கிறீர்கள். கன்னத்தில் வெளிச்சம் எங்கே முடிகிறது, நிழல் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. தூரிகை இழுத்த தடம் ஒன்றுகூட இல்லை. 'இது எனக்கு வருமா?' என்று கேட்டால், வரும். ஆனால் கருவியை வாங்கி வந்த அன்று மாலையே ஒரு முகத்தில் கைவைத்தால், மறுநாள் அது பரணுக்குப் போய்விடும். அப்படிப் போகாமல் இருக்க எந்த வரிசையில் பழக வேண்டும் என்பதைச் சொல்கிறேன்.

ஏர்பிரஷ் (காற்றின் அழுத்தத்தால் வண்ணத்தைப் பனிபோலத் தூவும், பேனா அளவிலான கருவி) எப்படி வேலை செய்கிறது? உள்ளே ஒரு நீண்ட ஊசி இருக்கிறது. அதன் கூர்முனை, முன்னால் உள்ள நாசிலை (வண்ணம் வெளிவரும் நுண்துளை) அடைத்துக்கொண்டிருக்கும். ஊசியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தால் வழி திறக்கும். துளையைச் சுற்றிப் பாயும் காற்று, வண்ணத்தை உறிஞ்சி நுண்துளிகளாக உடைத்துத் தாளில் தூவும். பைக் ஒர்க்‌ஷாப்பில் பெயின்ட் அடிக்கும் ஸ்பிரே கன்னுக்கும் இதுதான் அடிப்படை. அது பெட்ரோல் டேங்கை மூடும், இது கண்ணிமை மயிரை வரையும்.

முகத்தோடு இந்தக் கருவிக்கு உள்ள உறவு பழையது. அமெரிக்கரான ஆப்னர் பீலர் 1879-இல் இதன் தொடக்க வடிவம் ஒன்றை உருவாக்கினார். அதன்பின் பல பத்தாண்டுகள், கணினி வரும்வரை, புகைப்படங்களில் முகத்தைத் திருத்தும் வேலைக்கு இது பெரிதும் பயன்பட்டது.

எதை வாங்குவது? கடையில் இரண்டு வகை காட்டுவார்கள். ஒன்றில் விசையை அழுத்தினால் காற்றும் வண்ணமும் சேர்ந்தே வரும். இன்னொன்று 'டபுள் ஆக்‌ஷன்' (காற்றையும் வண்ணத்தையும் ஒரே விசையால் தனித்தனியே கட்டுப்படுத்தும் வகை). முகம் வரைய இரண்டாவதுதான் வேண்டும். முதல் வகை எளிதாக இருக்கிறதே என்று அதில் பழகினால், பிறகு விரலை மறுபடியும் பழக்க வேண்டியிருக்கும். வண்ணக் கிண்ணம் மேலே இருக்கும்படியும், நாசில் 0.3 மி.மீ. இருக்கும்படியும் பார்த்து வாங்குங்கள். 0.2 மி.மீ. இன்னும் மெல்லிய கோடு தரும், ஆனால் பழகாத கையில் அடிக்கடி அடைத்துக்கொள்ளும்.

காசு குறைவாக இருந்தால் எதில் சிக்கனம் பிடிக்கலாம்? ஏர்பிரஷ்ஷின் பிராண்டில் பிடிக்கலாம், கம்ப்ரஸரில் (காற்றை அழுத்தித் தரும் இயந்திரம்) வேண்டாம். சிறிய தொட்டி உள்ள கம்ப்ரஸர்தான் காற்றைத் துடிப்பில்லாமல் ஒரே சீராகத் தரும். அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரும், ஈரத்தைப் பிடித்து வைக்கும் வடிகட்டியும் அதில் இருக்க வேண்டும். சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்க்காரர்களுக்கு இந்த வடிகட்டி மிக முக்கியம். அது இல்லாவிட்டால், காற்றிலுள்ள ஈரம் குழாயில் நீராகத் திரண்டு, பாதி முடிந்த கன்னத்தில் ஒரு சொட்டாக வந்து விழும். அந்தச் சொட்டைத் திருத்த முடியாது.

இனி விரலுக்கு வருவோம். இந்தக் கலையில் பாதி, ஆள்காட்டி விரலின் நுனியில் இருக்கிறது.

விசையைக் கீழே அழுத்தினால் காற்று வரும். அழுத்தியபடியே பின்னுக்கு இழுத்தால் வண்ணம் வரும். எவ்வளவு இழுக்கிறீர்களோ அவ்வளவு வண்ணம். ஆகவே வரிசை இதுதான்: காற்று, வண்ணம், வண்ணத்தை நிறுத்து, அதன்பிறகு காற்றை நிறுத்து. காற்று முதலில் வந்து கடைசியில் போக வேண்டும். பழகுபவர்கள் பெரும்பாலும் கடைசிப் படியில் தவறுவார்கள். விரலைச் சட்டென்று எடுத்துவிடுவார்கள். அப்போது ஊசி முனையில் ஒரு துளி தங்கும். அடுத்த முறை அழுத்தியதும் அது முகத்தில் தெறிக்கும். கருவி கோளாறு என்று நினைத்துக் கடைக்கு எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள், முதலில் விரலைக் கவனியுங்கள்.

கையும் நின்ற இடத்தில் நிற்கக் கூடாது. கை நகரத் தொடங்கிய பிறகு வண்ணம் வர வேண்டும், வண்ணம் நின்ற பிறகே கை நிற்க வேண்டும். இல்லாவிட்டால் கோட்டின் இரு முனையிலும் குண்டு குண்டாகப் பொட்டு விழும்.

வண்ணம் எவ்வளவு நீர்த்திருக்க வேண்டும்? தோசை மாவுப் பதத்தில் ஊற்றினால் நாசில் அடைத்துக்கொள்ளும். பால் பதம் வேண்டும். கிண்ணத்தின் உள்பக்கத்தில் ஒரு துளியை வழியவிட்டால், மெல்லிய படலத்தை விட்டுக்கொண்டு பால்போல் இறங்க வேண்டும். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வண்ணத்தில் தொடங்குங்கள், அழுத்தத்தை 15 முதல் 20 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தின் அலகு) வரை வையுங்கள். தாளில் சிலந்திக்கால் போல வண்ணம் ஓடினால், மிக அருகில் பிடித்திருக்கிறீர்கள், அல்லது அளவுக்கு மேல் இழுத்திருக்கிறீர்கள். மணல் தூவியதுபோல் சொரசொரப்பாக விழுந்தால், வண்ணம் கெட்டி, அல்லது அழுத்தம் போதவில்லை.

நம் ஊர் வெயிலில் இன்னொரு தொல்லை உண்டு. அக்ரிலிக் ஊசி முனையிலேயே காய்ந்து ஒட்டிக்கொள்ளும், கோடு திடீரென்று விட்டுவிட்டு வரும். ஈரத் தூரிகையால் முனையைத் துடைத்தால் சரியாகிவிடும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை துடைப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். வண்ணம் உலர்வதைத் தாமதப்படுத்தும் ரிட்டார்டர் என்ற திரவத்தைச் சில துளிகள் கலப்பதும் உதவும். மின்விசிறிக்கு நேர் கீழே உட்காராதீர்கள்.

முதல் வாரம் முகம் வேண்டாம். பழைய மாதக் காலண்டர் தாளின் வெள்ளைப் பின்பக்கம் போதும். பென்சிலால் கட்டம் போட்டு, கோடுகள் வெட்டும் இடத்தில் எல்லாம் ஒரே அளவில் பொட்டு வையுங்கள். அடுத்து, இரண்டு பொட்டுகளைச் சீரான கோட்டால் இணையுங்கள். பிறகு தடிப்பாகத் தொடங்கி ஒன்றுமில்லாமல் முடியும் கோடு. கை தாளை நெருங்குவதும், விரல் விசையை மெல்ல முன்னுக்கு விடுவதும் ஒரே நேரத்தில் நடந்தால்தான் இந்தக் கோடு வரும். புருவமும் இமை மயிரும் நெற்றியில் விழும் முடியும் இந்தக் கோட்டால்தான் ஆகின்றன. ஆகவே இதற்குத்தான் அதிக நேரம் கொடுங்கள்.

கடைசியாக ஒரு பந்து. ஒரு பக்கம் கறுப்பு, மெல்ல மெல்லக் குறைந்து மறுபக்கம் தாளின் வெள்ளை. மூக்கு நுனி ஒரு பந்து, கன்னம் ஒரு பந்து, மோவாய் ஒரு பந்து. பந்து உருண்டையாகத் தெரியத் தொடங்கிய நாளில் நீங்கள் முகத்துக்குத் தயார்.

எத்தனை வண்ணம் வேண்டும்? முதல் சில முகங்களுக்குக் கறுப்பு ஒன்றே போதும். இது பழகுபவருக்கான சமாதானம் அல்ல. அமெரிக்க ஓவியர் சக் க்ளோஸ் 1967–68-இல் தன் முகத்தை ஏறக்குறைய ஒன்பது அடி உயரக் கித்தானில் வரைந்தார். நீர்த்த கறுப்பு அக்ரிலிக்கை ஏர்பிரஷ்ஷால் தூவி, முடியின் வெளிச்சக் கீற்றுகளைப் பிளேடால் சுரண்டியும் ரப்பரால் அழித்தும் எடுத்தார். அந்த முகத்தின் வெளிச்சம் முழுவதும் கித்தானின் வெள்ளைதான். மினியாபொலிஸ் நகரின் வாக்கர் ஆர்ட் சென்டரில் அந்தப் படம் இருக்கிறது. தோலின் நிறத்தைவிட நிழலின் அளவுதான் முகத்தை முகமாக்குகிறது என்று நான் நம்புவதற்கு அந்தப் படமும் ஒரு காரணம்.

'எனக்கு ஜாடை பிடிக்க வராதே?' பிடிக்க வேண்டாம், கட்டம் போடுங்கள். நம் ஊர் சினிமா பேனர் ஓவியர்களும் ஸ்டில்லின் மேல் கட்டம் போட்டுத்தான் கைக்கடக்கமான முகத்தைச் சாலையோரத்துக்குப் பெரிதாக்கினார்கள், சக் க்ளோஸும் அதையேதான் செய்தார். புகைப்படத்தில் சிறு கட்டம், தாளில் பெரிய கட்டம், ஒவ்வொரு கட்டமாக மெல்லிய பென்சில் கோடு. சாதாரணக் கார்பன் தாளை வைத்து நகலெடுக்காதீர்கள். அதிலுள்ள எண்ணெய்ப் பசையில் வண்ணம் ஒட்டாது.

இனி நிழல். தூரிகை பழகியவர்கள் இங்கே தடுமாறுவார்கள், ஏனென்றால் தூரிகையில் வேண்டிய அடர்த்தியை ஒரே இழுப்பில் வைத்துவிடலாம். இங்கே அப்படி வைத்தால் அது கறை. கறுப்பைப் பாலைவிட இன்னும் நீர்க்கச் செய்யுங்கள், ஒரு முறை தூவினால் தூவியதே தெரியாத அளவுக்கு. அழுத்தத்தையும் அதற்கேற்பக் குறையுங்கள். தாளிலிருந்து எட்டுப் பத்து சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, கண்குழி, மூக்கின் பக்கம், கீழுதட்டின் அடி, கழுத்து என்று இருண்ட இடங்களில் எல்லாம் ஒரு சுற்று. காய்ந்ததும் அதே இடங்களில் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி அடுத்த சுற்று. பத்துப் பதினைந்து சுற்றுகளில் முகம், புகையிலிருந்து வெளியே வருவதுபோல் தாளில் எழும். நடுவில் அடிக்கடி எழுந்து ஆறடி தள்ளி நின்று பாருங்கள். எது அதிகமாகிவிட்டது என்பது அருகில் தெரியாது.

கூர்மையான ஓரம் எப்படி வரும்? மூக்குத் துவாரம், உதடு பிரியும் கோடு, சட்டைக் காலர் ஆகியவற்றுக்கு ஓ.எச்.பி. ஷீட்டை (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) அந்த வளைவில் வெட்டி, தாளின் மேல் பிடித்துக்கொண்டு தூவுங்கள். தாளோடு ஒட்டிப் பிடித்தால் கத்தி வெட்டியது போன்ற ஓரம் கிடைக்கும், அரை சென்டிமீட்டர் தூக்கிப் பிடித்தால் மென்மையான ஓரம். முகத்தில் கத்தி ஓரம் மிகச் சில இடங்களில்தான் உண்டு. எல்லாவற்றுக்கும் ஒட்டிப் பிடித்தால் முகம் முகமூடியாகிவிடும்.

கண்மணியின் வெளிச்சப் புள்ளிக்கு வெள்ளை வண்ணம் தூவலாமா? கூடுமானவரை வேண்டாம். கறுப்பின் மேல் மெல்லியதாகத் தூவிய வெள்ளை நீலம் பாய்ந்து தெரியும். தாளின் வெள்ளையை அந்த இடத்தில் காப்பாற்றுங்கள், அல்லது வழவழப்பான கெட்டி அட்டையில் வரைந்து, பிளேடு நுனியால் மெல்லச் சுரண்டி எடுங்கள். நரைமுடி, தாடி, மீசை எல்லாம் இப்படிச் சுரண்டினால்தான் உயிரோடு வரும்.

பிறகு வண்ணத்துக்கு வரும்போது, ஒளி ஊடுருவும் வகையை வாங்குங்கள். நம் தோலுக்குக் காவி மஞ்சள், செம்பழுப்பு, கொஞ்சம் சிவப்பு ஆகியவற்றை ஒன்றின் மேல் ஒன்றாகத் தூவி, நிழலுக்கு ஊதா சேர்த்தால் ரத்த ஓட்டம் தெரியும். நிழலுக்குக் கறுப்பைத் தூவினால் தோல் கரிபிடித்ததுபோல் ஆகிவிடும்.

மூச்சைப் பற்றி ஒரு வார்த்தை. தூவிய வண்ணத்தில் ஒரு பங்கு காற்றில் மிதக்கிறது, அதை நீங்கள்தான் சுவாசிக்கிறீர்கள். 'தண்ணீர் வண்ணம்தானே' என்று விட்டுவிடாதீர்கள். துணி முகக்கவசம் போதாது. என்95 நுண்துளிகளைத் தடுக்கும், தின்னர் ஆவியைத் தடுக்காது. தின்னர் கலந்த வண்ணம் என்றால் ஆவி வடிகட்டி பொருத்திய முகமூடி கட்டாயம், அடைத்த அறையில் அதுவும் போதாது. காட்மியம் என்று குறித்திருக்கும் வண்ணங்களைத் தூவவே வேண்டாம். அவற்றைத் தூரிகையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குழந்தைகள் தூங்கும் அறையில் இந்த வேலை கூடாது.

முதல் முகம் யாருடையது? குழந்தையின் முகத்தை எடுக்காதீர்கள். வழவழப்பான கன்னத்தில் ஒரு துளி பிசகினாலும் தெரியும். பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழும் ஒரு முதியவரின் படத்தை எடுங்கள். சுருக்கங்கள் உங்கள் பிசகுகளையும் தமக்குள் வாங்கிக்கொள்ளும். வீட்டில் தாத்தாவோ பாட்டியோ இருந்தால், காலை வெயிலில் ஜன்னலோரம் உட்காரவைத்து நீங்களே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்த இரவில் எவ்வளவு களைப்பாக இருந்தாலும் கருவியைக் கழுவாமல் படுக்காதீர்கள். கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றித் தெளிவாக வரும்வரை தூவுங்கள். நாசிலைத் துணியால் பொத்திக் காற்றைப் பின்னுக்குத் தள்ளி, கிண்ணத்தில் குமிழ் விடச் செய்யுங்கள். ஊசியைப் பின்பக்கமாக உருவித் துடைத்து, நுனி எதிலும் இடிக்காமல் திரும்பச் செருகுங்கள். நாசிலை விரலால் மட்டும் முடுக்குங்கள். ஐந்து நிமிட வேலை இது. உள்ளே காய்ந்த அக்ரிலிக் தண்ணீரில் திரும்பக் கரையாது.