வேஷம் கலைக்கும் வேளை

பங்குனி பிறந்தது முதல் ஆடி கழிகிற வரையில், தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரம், பாலக்கோடு, அரூர் என்று எந்தத் திக்கில் இரவுப் பிரயாணம் செய்தாலும், எங்கேனும் ஒரு திரௌபதி அம்மன் கோயிலின் முன்னாலோ அறுவடை முடிந்த வயலிலோ, முகவீணையும் மிருதங்கமும் முழங்கப் பாரதக் கூத்து நடந்துகொண்டிருப்பதைக் காணலாம். சித்திரைப் புழுக்கத்தில், விளக்குகளின் உஷ்ணத்துக்கு நடுவே, கிரீடமும் புஜகீர்த்தியும் தரித்து விடியும்வரை கிறுகிறுவென்று சுழன்று ஆடுகிற துரியோதனனுடைய தொண்டையைப் பற்றி ஊரார் விசாரிப்பார்கள். காலைப் பற்றியும் விசாரிப்பார்கள். அவனுடைய கண்ணிமையைப் பற்றி விசாரிப்போர் மிகவும் சொற்பம்.

வேஷம் போடுகிற காரியத்தைச் சற்று அருகே இருந்து பார்க்க வேண்டும். முத்துவெள்ளையைத் தேங்காயெண்ணெயில் குழைத்து, அதன்மேல் சிவப்பேற்றி, கண்ணைச் சுற்றி மை தீட்டி, வெள்ளைப் புள்ளிகளை ஈர்க்குச்சியால் ஒவ்வொன்றாக வைத்து முடித்த பிறகு, நெற்றியை இறுக்கித் துணி கட்டி, அதன்மேல் கிரீடத்தை ஏற்றுகிறார்கள். நெற்றியில் பெருகும் வியர்வையைக் கண்ணுக்குள் விழவொட்டாமல் பக்கவாட்டில் திருப்பிவிடுவது புருவத்தின் தொழில். அந்தப் புருவ ரோமங்களை எண்ணெய்ச் சாயத்தால் படியவைத்து, அவற்றின்மேல் வேறொரு புருவத்தை எழுதிவிடுகிறபடியால், தலைத்துணி ஊறி வழிகிற வியர்வையானது, தன் உப்போடு எண்ணெயையும் சாயத்துகளையும் சுமந்துகொண்டு, நேரே இமையின் விளிம்பில் வந்து இறங்குகிறது. சபையில் நிற்கிற மகாராஜன் கண்ணைக் கசக்கவும் முடியாது.

அந்த விளிம்புதான் விசேஷமானது. மேலிமையில் 25 முதல் 40 வரையிலும், கீழிமையில் 20 முதல் 30 வரையிலும் நுண்ணிய சுரப்பிகள் வரிசையாக அமைந்து, இமை ரோமங்களுக்கு உட்புறமாகத் தம் வாய்களைத் திறந்துவைத்திருக்கின்றன. ஹெயின்ரிக் மெய்போம் என்ற ஜெர்மானிய வைத்தியர் 1666-இல் இவற்றை விவரித்தமையால் இவை அவர் பெயராலேயே வழங்குகின்றன. இவை சுரக்கும் நெய் கண்ணீரின்மேல் மெல்லிய படலமாகப் பரவி, அது சீக்கிரம் உலர்ந்துபோகாமல் காக்கிறது. சாயமும் எண்ணெயும் படிந்து இந்த வாய்கள் அடைபட்டால், கண் உறுத்தும், மணல் விழுந்தாற்போல் அறுக்கும், இமை ரோமத்தின் அடியில் செதில் தட்டும், கண்கட்டி வரும், அல்லது வலியே இல்லாத ஒரு கட்டி இமைக்குள் உருண்டு மாதக்கணக்கில் தங்கிவிடும். திரௌபதி வேஷக்காரர் மையை இமையின் உள்விளிம்பிலே இழுக்கிறாரே, அது இந்த வாய்களின்மேல் நேராகப் பூசுகிற காரியம். ரோமத்துக்கு வெளியே எழுதி நிறுத்திக்கொண்டால், பத்தடிக்கு அப்பால் பாயில் உட்கார்ந்திருக்கிறவருக்கு அழகு ஒன்றும் குறைந்துபோகாது.

ஆனால் என் அபிப்பிராயத்தில், வேஷம் போடுவதைவிடக் கலைப்பதில்தான் அதிகம் கேடு நேர்கிறது. கிரீடத்தைக் கண்ணில் ஒற்றிக் கும்பிட்டு, மணிக்கணக்கில் சிரத்தையோடு போட்ட வேஷத்தை, விடிந்ததும், தூக்கமும் பசியும் அழுத்த, கைக்கு அகப்பட்ட துண்டால் இரண்டு இழுப்பில் துடைத்துவிட்டு, மீதியோடு வேனில் ஏறிப் படுத்துவிடுகிறார்கள். எண்ணெயில் குழைத்த சாயம் எண்ணெயால்தான் இளகும். ஆகையால், கண்ணை மூடிக்கொண்டு, தேங்காயெண்ணெய் தொட்ட பஞ்சால், எண்ணெய் உள்ளே கசியாதபடி மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்புறமாக மெள்ள ஒற்றி எடுக்க வேண்டும். பிறகு முகத்தைக் கழுவி, பொறுக்கும் சூட்டு வெந்நீரில் பிழிந்த சுத்தமான துணியை மூடிய இமைகளின்மேல் ஐந்து முதல் பத்து நிமிஷம் வைத்திருந்து, ஆறினால் மறுபடியும் நனைத்து வைத்து, அதன்பின் மேலிமையைக் கீழ்நோக்கியும் கீழிமையை மேல்நோக்கியும் விரலால் மிருதுவாக நீவினால், உறைந்த நெய் இளகி வெளிவரும். குழந்தைகளுக்கான ஷாம்பு ஓரிரு துளி கலந்த வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்து, ரோமத்தின் அடியைத் துடைத்து அலம்பிவிட்டால் காரியம் முடிந்தது. பதினெட்டு நாள் பாரதத்தில் இதை ஒருநாள் செய்து ஒருநாள் விடுவதில் பிரயோஜனம் இல்லை.

நீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நிலத்தடி நீரின் ஃபுளோரைடுக்கு அஞ்சி, 2013-இல் ஒகேனக்கல்லிலிருந்து காவிரியைக் குழாய் வழியே கொண்டுவந்த பிரதேசம் இது. குடிநீருக்கு இத்தனை பாடுபட்ட ஊரில், கண்ணை மட்டும் பாசி படிந்த தொட்டித் தண்ணீரில் கழுவுவதை என்னவென்று சொல்வது! காய்ச்சி ஆறிய நீரே உத்தமம். அதைப்போலவே, ஒரே மைக்கிண்ணமும் ஒரே குச்சியும் பலர் முகத்தைச் சுற்றிவருகிற வழக்கத்தையும், ஒருவர் துண்டை மற்றவர் எடுக்கிற வழக்கத்தையும் நிறுத்த வேண்டும். பழைய நாளில் பூசிய அரிதாரம் ஆர்சனிக் சேர்ந்த மஞ்சள் தாது. செந்தூரம் என்ற பெயரில் ஈயமோ பாதரசமோ கலந்த பொடிகளும் விற்றதுண்டு. ஆதலால் கடையில் பொட்டலமாகக் கிடைக்கிற எந்தப் பொடியையும் கண்ணருகே கொண்டுபோகுமுன் யோசிப்பது நலம்.

இவ்வளவுக்கும் அடங்காமல் கண் சிவந்து, வெளிச்சம் கூசி, வலியெடுத்து, பார்வை மங்கினால், அது இமையோடு நிற்கிற உபத்திரவம் அல்ல. கருவிழியைச் சேர்ந்ததாக இருக்கக்கூடும். அப்போது மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து, சிவப்பை ஒரே நாளில் ஆற்றி நம்பிக்கையூட்டிவிட்டு, உள்ளிருக்கும் கிருமியை வளரவிடும்; நெடுநாள் விட்டுக்கொண்டேயிருந்தால் கண்ணின் அழுத்தத்தை உயர்த்தும், புரையையும் வரவழைக்கும். மறுநாள் கூத்துக்கு முன்பணம் வாங்கியிருந்தாலும், வேஷத்தை வேறொருவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கண் பிரிவுக்குக் காலையிலேயே போய்விடுவதுதான் சரி. போகிறபோது, பூசிய சாயப் பொட்டலத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு போனால் வைத்தியருக்கு உபயோகமாயிருக்கும்.