வாசற்படிக்கு ஒரு காவற்கண்

மும்பையில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்குக் கோடை விடுமுறை என்றால் ஊர்ப் பயணம் என்றே பொருள். பள்ளிக்கூடங்கள் மூடியதும், தாதர்–திருநெல்வேலி சாளுக்கியா எக்ஸ்பிரஸ் முதலிய வண்டிகளில் இடம் பிடித்து, தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் உள்ள வீடுகளைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுகிறோம். பூட்டிய வீட்டைக் காப்பவர் யார்? முன்னாளில் இதற்கு ஒரே விடைதான் இருந்தது, அடுத்த வீட்டுக்காரர். சாவியை அவரிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக வண்டி ஏறினோம். இன்றோ, அந்த அடுத்த வீட்டுக்காரரும் அதே வண்டியில் நம்மோடு ஊருக்கு வருகிறார். அன்றியும், ஒரே சந்தில் இருந்த குடும்பங்கள் பல மாடிக் கட்டடங்களுக்குக் குடிபெயர்ந்தமையால், எதிர்க் கதவுக்குப் பின்னால் இருப்பவர் பெயரும் நமக்குத் தெரிவதில்லை.

இக்குறையைத் தீர்க்க வந்ததாகக் கம்பியில்லாக் காமிரா இப்போது கடைகளில் குவிந்து கிடக்கிறது. லாமிங்டன் ரோடு கடைத்தெருவில் சில ஆயிரம் ரூபாய்க்கே கைக்கடக்கமான கருவி கிடைக்கிறது. கோவில்பட்டியில் திண்ணையில் அமர்ந்தபடியே தாராவி வீட்டு வாசலைக் கைபேசியில் காணலாம். இது பெரிய சௌகரியமே; மறுப்பதற்கில்லை. ஆனால் வீட்டைக் காக்க வைத்த கண், வீட்டையே காட்டிக்கொடுக்கும் கண்ணாக மாறிவிடுவதும் உண்டு. ஆகையால் இதனை வாங்கும் முறையையும், பொருத்தும் முறையையும், பூட்டும் முறையையும் சங்கத்து அன்பர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம். நாம் இரயில்வே அலுவலகத்தில் பேனா பிடிப்பவரேயன்றி மின்னியல் கற்ற பொறியாளர் அல்லோம். எனினும், பொறியாளர் துணையின்றி ஒவ்வொரு குடும்பமும் தானே செய்துகொள்ளத்தக்கவற்றையே இங்கே கூறுகின்றோம்.

கருவியின் அமைப்பு

இவ்வேற்பாட்டில் உறுப்புகள் மூன்று. ஒன்று காமிரா, மற்றொன்று வீட்டிலுள்ள வைஃபைப் பெட்டி, அதாவது ரூட்டர், மூன்றாவது நம் கைபேசி. காமிரா தான் கண்டதை வானொலி அலைகளாக ரூட்டருக்கு அனுப்புகிறது. ரூட்டர் அதனை இணையத்தின் வழியே நம் கைபேசிக்குச் சேர்ப்பிக்கிறது. ‘கம்பியில்லா’ என்னும் சொல் காட்சியைக் கொண்டு செல்வதற்கு மட்டுமே பொருந்தும். மின்கலத்தால் இயங்கும் சிலவகை நீங்கலாக, மற்றவற்றிற்கு மின்சாரக் கம்பி வேண்டியதே. எனவே இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே அருகில் பிளக் உள்ளதா என்று பார்த்துக்கொள்க.

வாங்கும்போது விலையை மட்டும் கேட்டு வந்துவிடலாகாது. இத்தகைய காமிராக்கள் அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடங்களில் பாதுகாப்புச் சோதனைக்கு உட்படவேண்டும் என்று மத்திய அரசு 2024 ஏப்ரலில் அறிவித்தது. அவ்விதி 2025 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. சோதனையில் தேறிய மாதிரிதானா என்று கடைக்காரரைக் கேட்பது நம் உரிமை. பெயர் அறியாத உற்பத்தியாளரின் மலிவுச் சரக்கு பணத்தை மிச்சப்படுத்தும். மன அமைதியை மிச்சப்படுத்தாது.

பொருத்தும் விதம்

காமிராவைச் சுவரில் அறைவதற்கு முன், ரூட்டருக்கு அருகில் வைத்து மின்சாரம் கொடுத்து, உற்பத்தியாளரின் செயலியைக் கைபேசியில் இறக்கி, இரண்டையும் இணைத்துப் பார்க்க வேண்டும். இங்கே பலர் தடுமாறும் இடம் ஒன்றுண்டு. இன்றைய ரூட்டர்கள் 2.4 ஜிகாஹெர்ட்ஸ், 5 ஜிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகளில் இயங்குகின்றன. விலை குறைந்த காமிராக்கள் பலவும் 2.4-ஐ மட்டுமே அறியும். கைபேசி 5-இல் இருந்தால் சில கருவிகள் இணைய மறுக்கின்றன. அப்போது கருவியைக் குறைகூறாமல் கைபேசியை 2.4-க்கு மாற்றி மறுமுறை முயல்க. வேகம் குறைவாயினும் சுவரைக் கடந்து தொலைவு செல்வதில் 2.4 அலையே மேலானது.

தாராவியின் வீடுகளுக்கு வேறொரு சிக்கல் உண்டு. செங்கற் சுவரை ஒருவாறு ஊடுருவும் அலை, தகரத் தடுப்பைக் கண்டால் திரும்பிவிடும். மாடியில் ரூட்டரும் கீழே வாசலில் காமிராவும் இருந்து, நடுவே இரும்புத் தகடு இருப்பின் காட்சி விட்டுவிட்டு வரும். ரூட்டரை ஏணிப்படித் திறப்பின் அருகே நகர்த்தினால் பெரும்பாலும் குறை தீரும். மேலும், நெருக்கமான சந்தில் பத்து இருபது ரூட்டர்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. 2.4 அலைவரிசையில் ஒன்றன்மீது ஒன்று படியாத தடங்கள் 1, 6, 11 ஆகிய மூன்றே. ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் இவற்றுள் நெரிசல் குறைந்ததைத் தேர்ந்துகொள்ளலாம்.

உயரம் ஏழு, எட்டு அடி இருந்தால் போதும். மிக உயரத்தில் வைத்தால் வந்தவரின் தலை உச்சி தெரியுமேயன்றி முகம் தெரியாது. வெயிலை நோக்கி வைத்தால் ஆள் கருநிழலாகத் தோன்றுவான். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் வைத்தால், இரவில் கருவி உமிழும் அகச்சிவப்பு ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்பி, வெண்புகை போன்ற காட்சியே மிஞ்சும்.

பதிவைச் சேமிக்க நினைவட்டை செருகப்படுகிறது. நொடிக்கு 2 மெகாபிட் வீதம் பதிவானால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 21.6 ஜிகாபைட் ஆகும். 128 ஜிகாபைட் அட்டையில் ஆறு நாட்களுக்குச் சற்றுக் குறைவாகவே நிற்கும். அதன்பின் பழையது அழிந்து புதியது ஏறும். அசைவு கண்டபோது மட்டும் பதியுமாறு அமைத்தால் பல வாரங்கள் வரக்கூடும். மின்சாரம் நின்றால் காமிராவும் ரூட்டரும் ஒருங்கே கண்மூடிவிடும். ஆதலின் ஊருக்குச் செல்லுமுன் ரூட்டருக்கு ஒரு சிறு யு.பி.எஸ். பெட்டியும், காமிராவுக்குப் பொருத்தமான மின்சேமிப்பும் வைத்தல் நலம்.

பூட்டும் விதம்

இனி முக்கியமான விஷயத்திற்கு வருவோம். பழைய ஒற்றை இருப்புப் பாதைகளில், ஓட்டுநர் கையில் டோக்கன் இல்லாமல் வண்டி அடுத்த பகுதிக்குள் நுழையலாகாது என்பது விதி. காமிராவுக்கு அந்த டோக்கன், கடவுச்சொல். தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை மாற்றாமல் விடுவது, டோக்கனைப் பிளாட்பாரத்தில் வீசிவிட்டு வருவதற்கு ஒப்பாகும்.

இது வெறும் பயமுறுத்தல் அன்று. 2016-இல் ‘மிராய்’ என்னும் தீய நிரல் உலகெங்கும் பரவியது. அதன் தந்திரம் மிக எளியது. தொழிற்சாலைகள் இடும் வழக்கமான பெயர்–கடவுச்சொல் இணைகள் சுமார் 60-ஐ ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்க்கும். திறந்த கருவியைத் தனக்கு அடிமையாக்கும். அவ்வாறு காமிராக்களும் ரூட்டர்களும் இலட்சக்கணக்கில் வசமாயின. அவ்வாண்டு அக்டோபர் 21-ஆம் நாள் அவற்றை ஏவி நடத்திய தாக்குதலால் அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் முதலிய பெருந்தளங்களே பல மணி நேரம் தடுமாறின. தம் வீட்டுக் காமிரா அப்படையில் சேர்ந்திருந்தது அதன் உடைமையாளருக்குத் தெரியவேயில்லை.

நம் நாட்டில் நிகழ்ந்தது இதனினும் வேதனை தருவது. 2025 பிப்ரவரியில், குஜராத்தின் ராஜ்கோட் நகரிலுள்ள ஒரு மகப்பேறு மருத்துவமனையில் பெண்களைப் பரிசோதிக்கும் அறையின் காமிராக் காட்சிகள் யூடியூபில் வெளிவந்தன. டெலிகிராம் வழியே விலைக்கும் விற்கப்பட்டன. புலன் விசாரணையில் மகாராஷ்டிரத்தைச் சேர்ந்தோரும் கைதாயினர். ஊகித்தற்கு எளிய கடவுச்சொல்லே அக்கதவைத் திறந்துவிட்டதாகச் செய்திகள் கூறின. சிகிச்சை நாடிச் சென்ற தாய்மாரின் மானம் விலைப்பொருளாயிற்று.

ஆகவே ஒவ்வொருவரும் செய்யவேண்டியவை இவை. ரூட்டர், காமிரா, செயலிக் கணக்கு மூன்றுக்கும் வெவ்வேறான, நீண்ட கடவுச்சொற்கள் இடுக. பிள்ளையின் பெயரும் பிறந்த ஆண்டும் கடவுச்சொல் ஆகா. செயலியில் இரட்டைச் சரிபார்ப்பு இருந்தால் அதனை இயக்குக. பிறர் கடவுச்சொல்லை அறிந்தாலும், நம் கைபேசிக்கு வரும் எண் இல்லாமல் உள்ளே நுழைதல் அரிதாகும். ரூட்டரில் டபிள்யூ.பி.ஏ. 2 அல்லது 3 என்னும் பூட்டு இருக்கட்டும். விருந்தினருக்கெனத் தனி வலையமைப்பு இருந்தால் காமிராவை அதில் சேர்த்துவிடுக. காமிரா கெட்டாலும் வங்கிக் கணக்கைத் திறக்கும் கைபேசிக்குத் தீங்கு தாவாமல் தடுக்க அது உதவும். உற்பத்தியாளர் அனுப்பும் திருத்தங்களை அவ்வப்போது ஏற்றுக்கொள்க. பொருத்த வந்த கடைப் பையனின் கைபேசியில் முதற்கணக்கைத் திறக்க விடாதீர். அது நம் கைபேசியிலேயே இருக்கவேண்டும். வீடு மாறும்போதோ கருவியை விற்கும்போதோ அட்டையை எடுத்துவிட்டு, கணக்கிலிருந்து கருவியை நீக்கி, பழைய நிலைக்குத் திருப்பிவிட்டே கைமாற்றுக.

கண் எதைப் பார்க்கலாம்?

பூட்டு எவ்வளவு உறுதியாயினும், பார்க்கக் கூடாததைக் காமிரா பார்க்காமல் இருப்பதே தலையாய காவல். இதற்கு இரயில்வேயிலேயே நல்ல எடுத்துக்காட்டு உண்டு. 2025 ஜூலையில் 74,000 பெட்டிகளில் காமிரா பொருத்தும் திட்டம் அறிவிக்கப்பட்டது. பெட்டிக்கு நான்கு, ஒவ்வொரு நுழைவாயிலுக்கும் இரண்டு. பயணிகள் உறங்கும் இடத்தை விடுத்து, யாவரும் வந்துபோகும் கதவருகே மட்டும் அவை வைக்கப்படும் என்று கூறப்பட்டது. வீட்டுக்கும் இதுவே நீதி. காமிரா வாசற்படியைப் பார்க்கட்டும். படுக்கையையும் சமையற்கட்டையும் பார்க்க வேண்டாம்.

தாராவிச் சந்தில் எதிர் வீடு எட்டும் தூரத்தில் இருக்கிறது. கதவைத் திறந்து வைத்துத்தான் அங்கே காற்று வாங்க முடியும். வாசலிலேயே பெண்கள் பாத்திரம் துலக்குகின்றனர். நம் வாசலுக்கு வைத்த காமிரா அவர்கள் வீட்டையும் இரவு பகலாகப் பதிவு செய்யுமானால், அதற்குக் காவல் என்று பெயரில்லை. கருவியைக் கீழ்நோக்கிச் சாய்க்கலாம். அன்றி, காட்சியின் ஒரு பகுதியை மறைக்கும் வசதி பல செயலிகளில் உள்ளது. அதனினும் முந்திச் செய்யவேண்டியது, எதிர் வீட்டம்மாவை அழைத்துக் கைபேசித் திரையைக் காட்டி, “அக்கா, இவ்வளவுதான் தெரிகிறது, பாருங்கள்” என்று சொல்லுவது.

சட்டமும் இதனையே நாடுகிறது. தனிமறைவு அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. ஒருவரது அந்தரங்க உறுப்புகளை அவர் சம்மதமின்றிப் படம்பிடித்தலும் பரப்புதலும் 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-இ பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம். கூட்டுக் குடும்ப வீட்டிலும், உடன் வசிப்போர் இசைவின்றி வசிப்பிடத்தினுள் காமிரா இயக்கலாகாது என்று கல்கத்தா உயர்நீதிமன்றம் 2025-இல் கூறியது. அதில் தலையிட உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. மகன் அலுவலகத்தில் இருந்துகொண்டு, வீட்டிலிருக்கும் தாயையோ மனைவியையோ அவர் அறியாமல் திரையில் பார்த்துக்கொண்டிருப்பதற்கு அன்பு என்று பெயர் சூட்டலாமா? நோயுற்ற முதியவரின் பொருட்டு உள்ளே வைக்க நேர்ந்தாலும், அவரிடம் கேட்டு வைத்தலே மரியாதை.

திருட்டு நேர்ந்தால் செய்யத்தக்கதும் இரண்டு சொல்லிலே அடங்கும். முதலில் 112-க்கு அழைத்துவிட்டு, புதுப்பதிவு ஏறி அழியுமுன் அக்காட்சியைப் பிரதி எடுத்துப் போலீசாரிடம் கொடுக்க வேண்டும். மின்னணுப் பதிவு சாட்சியமாக ஏற்கப்பட, 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய அதினியம் 63-ஆம் பிரிவு ஒரு சான்றிதழை வேண்டுகிறது. ஆதலால் மூல அட்டையைப் பத்திரப்படுத்துக. இணைய வழியில் வீட்டுக் காட்சியோ பணமோ களவு போனால் 1930 என்னும் எண் உண்டு.

ஆனால் வாசலில் தயங்கி நின்ற அந்நியனின் படத்தை “திருடன், ஜாக்கிரதை” என்று எழுதி வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்புவதை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம். 2018 ஜூலை 1-ஆம் நாள், நம் மாநிலத்தின் துலே மாவட்டத்தில், பிள்ளை பிடிப்பவர் என்ற வதந்தியால் நாடோடிச் சமூகத்தார் ஐவர் அடித்துக் கொல்லப்பட்டனர். அவர்களும் பிழைக்க வந்த வெளியூர்க்காரர்களே. பிழைப்பு நாடி இந்நகருக்கு வந்த நாம் இதனை மறத்தல் தகாது.

காமிரா பார்க்கும், ஓடி வராது. நள்ளிரவில் கதவு உடைபடுவதை நாம் நெல்லையில் திரையில் கண்டாலும், அதைத் தடுக்க எழுந்து வருபவர் அடுத்த வீட்டுக்காரரே. அவருடைய தொலைபேசி எண் நம்மிடமும், நம்முடையது அவரிடமும் இல்லையேல், எத்தனை காமிரா இருந்தும் பயன் குறைவு. ஆகவே கோடைப் பயணத்துக்கு முன், கருவி அறிந்த நம் இளைஞர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி, முதியோர் மட்டும் வாழும் இல்லங்களுக்குச் சென்று கடவுச்சொற்களை மாற்றிக் கொடுப்பார்களாயின் அது சிறந்த சங்கப் பணியாகும். அவ்வாறு செல்லும்போது இருபுறத்து அண்டை வீட்டாரையும் அறிமுகம் செய்துவைத்துத் திரும்புவார்களாக.