வளரும் பருவத்தில் பாலின அடையாளம்: உரிமைகள், ஆபத்துகள், தீர்வுகள்

குழந்தை பிறந்ததும் உடலுறுப்பைப் பார்த்து ஆண் என்றோ பெண் என்றோ பதிவு செய்கிறார்கள். அந்தப் பதிவோடு ஒத்துப்போகாத பாலின உணர்வு கொண்டவர்கள் திருநர். ஆணாகப் பதிவாகித் தன்னைப் பெண்ணாக உணர்பவர் திருநங்கை. பெண்ணாகப் பதிவாகித் தன்னை ஆணாக உணர்பவர் திருநம்பி. இவ்விரண்டில் எதற்குள்ளும் முழுமையாக அடங்காதவர்கள் தங்களை நான்-பைனரி என்று சொல்லிக்கொள்கிறார்கள். யார் மீது ஈர்ப்பு ஏற்படுகிறது என்பதும், உடற்கூறிலேயே வேறுபாட்டுடன் பிறக்கும் ஊடுபால் நிலையும் இதிலிருந்து வேறானவை.

எப்போது தெரியவரும்?

இதற்கு ஒரே வயது கிடையாது. சிலருக்குப் பள்ளி சேரும் முன்பே புரிகிறது. பலருக்குப் பருவமடையும்போது, சிலருக்கு நடுவயதில். குரல் உடைவதும் மீசை அரும்புவதும் மாதவிடாய் தொடங்குவதும் இந்தப் பிள்ளைகளுக்குத் தாங்க முடியாத மனவேதனையைத் தரலாம். பள்ளியில் எந்தக் கழிப்பறைக்குள் நுழைந்தாலும் கேலி வரும் என்பதால், காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் சாயங்காலம்வரை அடக்கிக்கொண்டிருக்கும் மாணவர்கள் உண்டு. சிறுநீர்த் தொற்றுக்காக மருத்துவரிடம் போகும்போதுகூட வீட்டில் காரணம் தெரிவதில்லை.

பையன் கோலம் போடுவதாலோ பெண் கிராப்பு வெட்டிக்கொள்வதாலோ அவர்கள் திருநர் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அதைச் சொல்ல வேண்டியவர் அந்தப் பிள்ளைதான். அவசரப்படுத்தாமல் காதுகொடுப்பதே பெரியவர்களின் வேலை. இது நோயும் அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்று 2022-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய் வகைப்பாட்டில், திருநர் நிலை மனநோய்ப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

ஆபத்துகள் எங்கே?

முதல் ஆபத்து பெரும்பாலும் வீட்டிலேயே தொடங்குகிறது. அடி, வீட்டுக்காவல், மந்திரிப்பு, 'சரிசெய்துவிடலாம்' என்று நடத்தப்படும் சிகிச்சை எனப் பல வடிவங்களில் அது வரும். திருநம்பிகளுக்குக் கட்டாயத் திருமணம் பெரிய அச்சுறுத்தல். வீட்டைவிட்டு வெளியேறும் திருநங்கைகளை ஏற்றுக்கொள்ள மூத்த திருநங்கைகள் நடத்தும் ஜமாத் அமைப்பாவது இருக்கிறது. திருநம்பிகளுக்கு அப்படிப்பட்ட நெடுங்கால அமைப்பு இல்லாததால் வீட்டுக்குள்ளேயே முடங்கிப்போகிறார்கள்.

அடுத்தது படிப்பு நின்றுபோவது. கேலி தாங்காமல் பள்ளியை விட்டவருக்கு வேலை கிடைப்பது அரிது; கடைகளில் காசு கேட்பதும் பாலியல் தொழிலும் பலருக்கு அதன் பிறகு மிஞ்சும் வழிகளாகிவிடுகின்றன.

மூன்றாவது, மருத்துவ மேற்பார்வை இல்லாத உடல் மாற்றங்கள். மருந்துக் கடையில் கருத்தடை மாத்திரைகளைத் தாமாகவே வாங்கி விழுங்கினால் இரத்தக்கட்டும் கல்லீரல் பாதிப்பும் வரக்கூடும். மார்பை மறைக்க கிரேப் பேண்டேஜை நாள் முழுதும் இறுக்கிச் சுற்றுவது மூச்சையும் விலா எலும்பையும் பாதிக்கும். தகுதியற்றவர்கள் செய்யும் உறுப்பு நீக்கம் உயிரையே பறிக்கலாம்.

சட்டம் தரும் உரிமைகள்

2014 ஏப்ரல் 15 அன்று, தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் (நால்சா) தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், தன் பாலினத்தைத் தானே தீர்மானிக்கும் உரிமையை அங்கீகரித்தது. அதற்கு அறுவைச் சிகிச்சையை நிபந்தனையாக்கக் கூடாது என்றும் கூறியது. தொடர்ந்து 2019-ல் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. கல்வி, வேலை, மருத்துவம், வாடகை வீடு ஆகியவற்றில் பாகுபாடு காட்டுவதை அது தடைசெய்தது. திருநர் என்ற காரணத்துக்காக ஒரு குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது. குழந்தையின் நலன் கருதி நீதிமன்றம் உத்தரவிட்டால் மட்டுமே பிரிக்கலாம். வீட்டிலிருந்தோ ஊரிலிருந்தோ விரட்டுவது, உடலாலும் சொல்லாலும் பொருளாதார வகையிலும் துன்புறுத்துவது ஆகியவற்றுக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டுவரை சிறைத் தண்டனையை அச்சட்டம் விதித்தது.

18 வயது நிரம்பாதவர் பாலியல் வன்முறைக்கு ஆளானால் இந்தச் சட்டம் மட்டும் போதாது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டம், பாதிக்கப்பட்ட குழந்தையின் பாலினத்தைப் பார்ப்பதில்லை. அதன் தண்டனைகளும் மிகக் கடுமையானவை. அந்தச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதியும்படி கேட்க வேண்டும்.

சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் 7 அன்று அளித்த தீர்ப்பில், பாலின அடையாளத்தையும் பாலியல் ஈர்ப்பையும் மருத்துவத்தால் மாற்றும் முயற்சிகளைத் தடைசெய்தது. 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் அத்தகைய சிகிச்சையைத் தொழில்முறை ஒழுங்கீனம் என அறிவித்தது. அதே ஆண்டில் தமிழக அரசு காவலர் நடத்தை விதிகளைத் திருத்தி, பாலின, பாலியல் சிறுபான்மையினரைக் காவலர்கள் துன்புறுத்துவதற்குத் தடை விதித்தது. ஊடுபால் குழந்தைகளுக்கு, உயிருக்கு ஆபத்தான சூழல் தவிர, பாலினத்தைத் தீர்மானிக்கும் அறுவைச் சிகிச்சை செய்ய 2019 முதல் தமிழகத்தில் தடை உள்ளது.

ஆவணங்கள்

பெயரும் பாலினமும் சான்றிதழுக்குச் சான்றிதழ் வேறுபட்டால் வாழ்க்கை நெடுகச் சிக்கல்தான். காவல் சார்பு ஆய்வாளர் தேர்வுக்கு விண்ணப்பித்த திருநங்கை பிரித்திகா யாஷினி, பெயர் முரண்பாட்டாலும் விண்ணப்பத்தில் தனக்கான பாலினப் பிரிவு இல்லாததாலும் தடுக்கப்பட்டார். சென்னை உயர் நீதிமன்றத்தின் 2015 நவம்பர் தீர்ப்புக்குப் பிறகே அவருக்கு வழி திறந்தது. 2017-ல் பணியில் சேர்ந்தார்.

2020-ல் வகுக்கப்பட்ட விதிகளின்படி, திருநர் அடையாளச் சான்றிதழுக்கு மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்க வேண்டும். சிறார் சார்பில் பெற்றோரோ காப்பாளரோ விண்ணப்பிக்கலாம். சட்டமும் விதிகளும் திருத்தப்படக்கூடியவை என்பதால், விண்ணப்பிக்கும் நாளில் நடப்பிலுள்ள நடைமுறையை மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. தமிழகத்தில் 2008-ல் தொடங்கப்பட்ட திருநங்கைகள் நல வாரியத்தின் அடையாள அட்டை, நலத்திட்டங்களைப் பெற உதவும்.

யாரை அணுகலாம்?

• வீட்டில் வன்முறைக்கு ஆளாகும் அல்லது வீட்டைவிட்டு வெளியேறிய சிறார்: குழந்தைகள் உதவி எண் 1098. குழந்தைகள் நலக்குழு பாதுகாப்புக்கு ஏற்பாடு செய்யும்.
• உடனடி ஆபத்து: 112.
• மன அழுத்தம், தற்கொலை எண்ணம்: டெலி-மானஸ் 14416, எந்த நேரமும்.
• இலவசச் சட்ட உதவி: 15100. குழந்தைகளுக்கு வருமான வரம்பு இல்லை.
• 'மாற்றும் சிகிச்சை' அளிக்கும் மருத்துவர்: மாநில மருத்துவக் கவுன்சிலில் எழுத்துப்பூர்வப் புகார்.
• பள்ளியில் துன்புறுத்தல்: தலைமையாசிரியருக்கு எழுத்துப்பூர்வப் புகார், பலனில்லையேல் மாவட்டக் கல்வி அலுவலர், மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம்.

எந்தப் புகாராக இருந்தாலும் தேதியிட்ட நகலும் ஒப்புகைச் சீட்டும் கையில் இருக்க வேண்டும். மிரட்டல் குறுஞ்செய்திகளை அழித்துவிடக் கூடாது.

பிள்ளை தன்னைப் பற்றிச் சொன்ன செய்தியை அதன் சம்மதமின்றி உறவினரிடமோ வகுப்பிலோ வெளியிடாதிருப்பது ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் முதல் கடமை. பிள்ளையை மாற்ற முயல்வதைக் கைவிட்டு, வீட்டிலும் பள்ளியிலும் தக்கவைத்துக்கொண்டாலே இங்கே சொல்லப்பட்ட ஆபத்துகளில் பெரும்பாலானவற்றைத் தவிர்த்துவிடலாம்.